ஜன்னலைக் கதவாக்குங்கள், அறையை நீட்ட வேண்டாம்

கேள்வி: பெரம்பூரில் 1992-ல் கட்டிய அடுக்ககத்தில் தரைத்தள வீடு எங்களுடையது. மேலே இரண்டு மாடி. மொத்தம் ஆறு வீடுகள். எங்கள் வீடு 740 சதுர அடி. பின்பக்கம் படுக்கையறையும் சமையலறையும். அதற்குப் பின்னால் 11 அடி அகலம், 24 அடி நீளத்துக்கு மண்தரை. ‘பின்புறத் தோட்டத்தை அனுபவித்துக்கொள்ளும் தனி உரிமை’ எங்களுக்கு என்று கிரயப் பத்திரத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே போக, துணி துவைக்கும் இடத்தில் உள்ள இரண்டரை அடிக் கதவு ஒன்றுதான் வழி. படுக்கையறைப் பின்சுவரில் இப்போது ஐந்தடி ஜன்னல் இருக்கிறது. அந்தச் சுவரை எட்டடிக்கு எடுத்துவிட்டு, அறையைத் தோட்டத்துக்குள் ஆறடி நீட்டி, கண்ணாடிக் கதவு போட ஆசை. மாமியாருக்கு முட்டிவலி என்பதால் உள்ளும் வெளியும் ஒரே மட்டமாக வேண்டும். சுவர் ஒன்பது அங்குலம். ‘ஒரு வாரத்தில் இடித்து பீம் போட்டுவிடலாம்’ என்கிறார் மேஸ்திரி. 2015 டிசம்பரில் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் வாசற்படி வரை வந்து திரும்பியது. கையில் ஆறு லட்சம் இருக்கிறது. என்ன செய்யலாம்?
வாசகி, பெரம்பூர்

பதில்: மேஸ்திரியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு வேலைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தோட்டத்துக்கு நல்ல வழி திறப்பது ஒன்று, அறையை நீட்டுவது இன்னொன்று. முதல் வேலையை ஆறு லட்சத்துக்குள் கச்சிதமாக முடிக்கலாம். இரண்டாவது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பணம் போதாது என்பதற்காகச் சொல்லவில்லை.

பத்திரத்தை மறுபடி வாசியுங்கள். அதில் இருப்பது ‘அனுபவிக்கும்’ உரிமை, கட்டும் உரிமை அல்ல. அடுக்ககத்தில் மனை முழுவதும் பிரிக்கப்படாத பங்காக ஆறு பேருக்கும் சொந்தம். செடி வைக்கலாம், நாற்காலி போடலாம், துணி காயப்போடலாம். சுவர் எழுப்பினால் மற்ற ஐந்து பேருடைய நிலத்தின் மேல் எழுப்புகிறீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 பொதுப் பகுதிகளைப் பிரிக்க முடியாதவையாகவே வைத்திருக்கிறது. அதோடு, அந்த 11 அடி, திட்ட அனுமதி வாங்கும்போது பின்பக்கம் விடவேண்டிய காலியிடமாகக் காட்டிய இடமாகவே பெரும்பாலும் இருக்கும். அனுமதி வரைபடத்தின் நகலை எடுத்துப் பாருங்கள். ‘செட்பேக்’ எனப்படும் அந்தக் காலியிடத்தில் எழும்பிய அறைக்கு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 56, 57 பிரிவுகளின்கீழ் நோட்டீஸ் வரலாம். இடிக்கவோ சீல் வைக்கவோ முடியும். இன்றைக்கு மேல்வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு சம்மதிப்பார். அவர் வீட்டை விற்றுவிட்டுப் போன பிறகு வருகிறவர் அப்படி இருப்பார் என்று சொல்ல முடியாது. நீங்களே விற்கப் போனாலும், வரைபடத்தில் இல்லாத அறையை வங்கி மதிப்பீட்டாளர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் மண் விடாது. கடலோரமான தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் மணல். பெரம்பூர், அயனாவரம், கொளத்தூர் பக்கம் களிமண். கோடையில் சுருங்கி வெடிக்கும், ஐப்பசியில் ஊறி உப்பும். உங்கள் கட்டடம் முப்பது வருடம் அந்த மண்ணோடு பழகி உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் மூன்றடி ஆழத்தில் புது அஸ்திவாரம் போட்டு ஓர் அறையை ஒட்டவைத்தால், அது தனியாக ஏறும், தனியாக இறங்கும். இரண்டும் சேரும் கோட்டில் முதல் வருடமே மேலிருந்து கீழாக விரிசல் விழும். மழைத்தண்ணீர் அந்த வழியாக இறங்கும். எத்தனை முறை பூசினாலும் அந்த விரிசல் திரும்ப வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆறடி நீட்டினால் தோட்டத்தில் மிஞ்சுவது ஐந்தடிச் சந்து. இப்போதுள்ள படுக்கையறை வெளிச்சத்திலிருந்து ஆறடி உள்ளே தள்ளிப்போய் நடைபாதை மாதிரி இருண்டுவிடும். தோட்டத்துக்காக அறை கட்டி, தோட்டத்தையும் அறையையும் சேர்த்து இழப்பது என்ன கணக்கு?

உங்களுக்கு இடம் குறைவில்லை. அறைகள்தான் மாறி இருக்கின்றன. பகலெல்லாம் ஆள் நடமாடும் ஹால் தெருப்பக்கம். இரவில் மட்டும் வேண்டிய படுக்கையறை தோட்டப்பக்கம். இரண்டையும் இடம் மாற்றுங்கள். பின்னறை கூடமாகட்டும், முன்னறையை ஒரு தடுப்பும் கதவும் வைத்துப் படுக்கையறையாக்கலாம். தடுப்பைச் செங்கல்லில் கட்டாமல் எட்டு அங்குல ஏ.ஏ.சி. பிளாக்கோ (காற்றறைகள் உள்ள இலேசான கான்கிரீட் கல்), இரும்புச் சட்டத்தில் சிமெண்ட் போர்டோ போட்டால் தரைக்குப் பாரம் குறைவு, தெருச் சத்தமும் மட்டுப்படும்.

இனி சுவருக்கு வருவோம். 1992, மூன்று தளம், ஒன்பது அங்குலச் சுவர் என்றால் அது சுமை தாங்கும் சுவராக இருக்க வாய்ப்பு மிக அதிகம். உறுதி செய்ய மூன்று இடத்தில் பாருங்கள். அறையின் மூலைகளில் தூண் புடைத்துக்கொண்டு தெரிகிறதா? உட்சுவர்கள் நாலரை அங்குலமாக, கூரைக்கு அடியில் பீம் இறங்கித் தெரிகிறதா? இரண்டும் இல்லை என்றால், மூலையில் தரையிலிருந்து நான்கடி உயரத்தில் ஒரு கையகலம் பூச்சைக் கொத்திப் பார்த்தால் போதும். உள்ளே செங்கல் என்றால் சுமைச்சுவர், கான்கிரீட் என்றால் தூண். மேல் இரண்டு வீடுகளிலும் அதே இடத்தில் அதே தடிமனில் சுவர் நிற்கிறதா என்பதையும் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சுமைச்சுவர் என்றே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒரு மாடி உயரத்துக்கு, ஓடும் மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 டன். அப்படி இரண்டு மாடிச் சுவர், மூன்று தளங்களின் பங்கு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் எல்லாம் சேர்ந்து மீட்டருக்கு 6 முதல் 7 டன் வந்துவிடும். எட்டடித் திறப்பு என்பது சுமார் 2.4 மீட்டர். ஆக, மேஸ்திரி போடப்போகும் பீமின் தலையில் ஏறக்குறைய 15 டன் பாரம். அதை 200 மி.மீ. ஐ.எஸ்.எம்.சி. சேனல் (‘ப’ வடிவ இரும்புச் சட்டம்) இரண்டைச் சேர்த்துப் போட்டுத் தாங்கச் செய்யலாம்; அதில் பெரிய வித்தை இல்லை. தவறு நடப்பது பீமின் முனைகளில். ஒவ்வொரு முனையிலும் எட்டு டன், ஒன்பது அங்குலச் சதுரத்தில், பழைய செங்கல் மேல் உட்காரும். அந்தச் செங்கல் தாங்கக்கூடிய அழுத்தத்தைப்போல் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதலில் ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்தில் செங்கல் நசுங்கி, பீம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கும். முதல் மாடிக்காரர் வீட்டு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கீறல் ஓடும். அதைத் தவிர்க்க முனைக்கு முனை பாரத்தைப் பரப்பிவிட இரண்டடி நீளக் கான்கிரீட் கட்டை (பெட் பிளாக்) வேண்டும், அதைத் தாங்க இரண்டு பக்கமும் போதுமான அகலத்துக்குச் சுவர் மிச்சம் இருக்க வேண்டும். உங்கள் அறையின் பின்சுவர் பத்து பதினோரு அடிதான் இருக்கும். எட்டடி போக மிஞ்சுவது பக்கத்துக்கு ஒன்றரை அடி.

நிலநடுக்கக் கணக்கும் இதற்கு இடம் கொடுக்காது. சென்னை மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. மூன்று தளச் சுமைச்சுவர்க் கட்டடத்தில் திறப்புகளின் மொத்த அகலம் சுவர் நீளத்தில் பாதியைத் தொடக்கூடாது. எட்டடி அதைத் தாண்டிவிடுகிறது.

அதனால்தான் ஜன்னலைப் பார்க்கச் சொல்கிறோம். ஐந்தடி ஜன்னலின் தலைக்கு மேல், தரையிலிருந்து ஏழடி உயரத்தில், லிண்டல் ஏற்கெனவே இருக்கிறது. முப்பது வருடமாக மேல்பாரத்தை இரண்டு பக்கத்துக்கும் பிரித்து அனுப்பிக்கொண்டிருப்பது அதுதான். ஜன்னலுக்குக் கீழே உள்ள மூன்றடிச் சுவர் மேலிருந்து எதையும் தாங்கவில்லை. அதை மட்டும் எடுத்தால் ஐந்தடி அகலம், ஏழடி உயரத்தில் இரட்டைக் கதவு கிடைத்துவிடும். பீம் வேண்டாம், ஜாக்கி வேண்டாம். திறப்பின் அகலம் கூடாததால் சுவரின் பலமும் ஏறக்குறைய அப்படியே. இருந்தாலும் உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நேரில் வரவழைத்து, லிண்டலையும் பார்க்கச் செய்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லிண்டலின் அடியில் கம்பித் துரு தெரிந்தாலோ, கான்கிரீட் பொருக்கு விட்டிருந்தாலோ அதைச் சரிசெய்யாமல் கீழே கை வைக்கக்கூடாது.

வெட்டும்போது ஒரே ஒரு விதி: அகலத்தில் ஓர் அங்குலம்கூடக் கூட்டாதீர்கள். லிண்டல் இரண்டு பக்கமும் சுவர் மேல் ஆறங்குலம்தான் உட்கார்ந்திருக்கும். ‘அரையடி சேர்த்து எடுத்தால் கதவு எடுப்பாக இருக்கும்’ என்று கொத்தனார் சொல்வார்; அந்த அரையடிதான் லிண்டலின் இருக்கை. கிரில்லையும் சட்டத்தையும் கழற்றியதும், பக்கவாட்டுக் கோடுகளைத் தூக்குக்குண்டு பிடித்துத் தரைவரை இறக்கி வரையுங்கள். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கட்டர் பிளேடால் நான்கு நான்கு அங்குலம் அறுத்த பிறகே உளி. செங்கல்லை மேல் வரிசையிலிருந்து எடுத்துக்கொண்டு வரவேண்டும். சம்மட்டியால் தட்டினால் அதிர்வு பக்கச் சுவரின் காரையைத் தளர்த்தும். ஜன்னலுக்குக் கீழே ஒயர் பைப் ஓடுகிறதா என்று முன்னாலேயே பார்த்துவிடுங்கள். அந்தக் காலத்துப் பிளக் பாயிண்டுகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வெளிவரும் இடிபாடு 11 கன அடி, சுமார் 600 கிலோ. சாக்கில் கட்டினால் இருபது சாக்கு. அதைத் தோட்டத்தில் கொட்டவிடாதீர்கள். பின்னால் சொல்லும் திண்ணைக்குள் போடலாம்.

கதவு விஷயத்தில் சறுக்குக் கதவு வேண்டாம் என்போம். ஐந்தடியில் சறுக்குக் கதவு போட்டால் திறக்கக் கிடைப்பது இரண்டரை அடி; இப்போதிருக்கும் அதே அகலம். வடசென்னைத் தூசியும் களிமண்ணும் தண்டவாளத்தில் படிந்து இரண்டு மழைக்காலத்தில் இழுக்கக் கை வலிக்கும். உள்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவாக யு.பி.வி.சி. போதும். உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் வைத்த புரொஃபைல்தானா என்று வெட்டுமுனையைக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுப் பிளாஸ்டிக் ஏழடி உயரத்தில் வளையும். கண்ணாடி 5 மி.மீ. டஃபண்டு (சூடேற்றிக் கடினமாக்கியது). சட்டத்தின் அடியில் உள்ள தண்ணீர்த் துளைகள் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். பொருத்துகிறவர்கள் அவசரத்தில் சிலிக்கான் வைத்து அவற்றை அடைத்துவிடுவது வழக்கம்.

வெளிப்பக்கம், தோட்டத்தை நோக்கித் திறக்கும் இரும்புக் கிரில் கதவு. அதிலேயே துருப்பிடிக்காத எஸ்.எஸ். கொசுவலையை அடித்துவிடுங்கள். இரவில் கிரில்லைப் பூட்டி, கண்ணாடியைத் திறந்து வைத்தால் கொசுவும் வராது, கள்ளனும் வரமாட்டான், காற்று மட்டும் வரும். இரும்புக்கு முதலில் ஜிங்க் பிரைமர், அதன் மேல் இரண்டு கை எனாமல். வெறும் ரெட் ஆக்சைடு, கடலோரக் காசிமேட்டுப் பக்கம் என்றால் ஒரு வருடம் தாங்கும், பெரம்பூரில் இன்னும் கொஞ்சம் நாள்.

ஒரே மட்டம் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுத்தரையையும் தோட்டத்து மண்ணையும் ஒரே மட்டமாக்கினால், அடுத்த புயலில் தண்ணீருக்குச் சிவப்புக் கம்பளம் விரித்ததாகும். மாமியாரின் முட்டிக்குத் தேவை, கதவைத் தாண்டியதும் படி இல்லாமல் வெளியே வந்து உட்கார ஓர் இடம். அதற்குத் திண்ணை போடுங்கள். வீட்டுத் தரையை விட ஓர் அங்குலம் மட்டும் தாழ்ந்த திண்ணை. தோட்டம் அதற்கும் கீழே, இப்போதிருக்கும் மட்டத்திலேயே. அவர் கூடத்திலிருந்து நேராகத் திண்ணைக்கு வரலாம். மண்ணிலிருந்து வீட்டுத்தரை ஒன்றரை அடி உயரம் என்றால் திண்ணையின் விளிம்பு 17 அங்குலம் வரும். அது நாற்காலி உயரம், கால் தொங்கப்போட்டு உட்கார அளவானது. தோட்டத்தில் இறங்க ஓர் ஓரத்தில் ஆறங்குலத்துக்குக் குறைவாக மூன்று ஏற்றம், மிதிப்பலகை பன்னிரண்டு அங்குலம், ஒருபக்கம் கைப்பிடிக் குழாய்.

திண்ணை 12 அடி நீளம், 5 அடி அகலம் போதும். வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டவே கூடாது. நடுவில் ஓர் அங்குலத் தெர்மாகோல் பட்டை வைத்து, மேலே பாலியூரித்தேன் சீலண்டால் அடைத்துவிடுங்கள். களிமண் அசையும்போது திண்ணை தன்பாட்டுக்கு அசையும், வீட்டை இழுக்காது. மேல்மண்ணை ஆறங்குலம் வழித்தெடுத்துவிட்டு, மூன்று பக்கமும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். நாலரை அங்குலம் கட்டினால் உள்ளே நிரப்பும் மண் அதை வெளியே தள்ளிச் சாய்க்கும். சுவரின் அடியில் நான்கடிக்கு ஒன்றாக ஓர் அங்குலப் பைப் துண்டு வைத்தால் உள்ளே சேரும் தண்ணீர் வெளியேறும். உள்ளே ஜன்னலடிச் செங்கல் இடிபாட்டைப் பரப்பி, மேலே கிராவல் போட்டு, ஆறங்குலத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துத் திமிசு கட்டையால் இடிக்க வேண்டும். மொத்தம் 90 கன அடி பிடிக்கும். குட்டியானையில் ஐந்தாறு நடை. தோண்டிய களிமண்ணையே திருப்பிப் போட்டால் செலவு மிச்சம்தான், ஆனால் மழைக்குப் பின் தளம் நடுவில் குழியும். மேலே நான்கு அங்குலம் 1:2:4 கான்கிரீட். இதற்குச் சிமெண்ட் நான்கு மூட்டை, எம்-சாண்ட் ஒன்பது கன அடி, முக்கால் அங்குல ஜல்லி பதினெட்டு கன அடி. கதவிலிருந்து விளிம்புவரை முக்கால் அங்குலம் வாட்டம். மேலே சொரசொரப்பான கடப்பாக் கல்லோ, பார்க்கிங் டைல்ஸோ பதிக்கலாம். பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம்.

கதவடியில், திண்ணையின் முதல் நான்கு அங்குலத்தில் ஜல்லடை மூடிய வாய்க்கால் ஒன்று, ஐந்தடி நீளத்துக்கு. திண்ணை இவ்வளவு உயரத்தில் இருக்கும்போது சாரல் தெறித்துக் கதவுக்குள் வரும் வழியை அடைப்பது இதுதான். நிலைப்படிக்கு அரை அங்குலம் மட்டும் எழும்பிய, இரு பக்கமும் சரித்த கிரானைட். தடுக்காது.

இது கூரையும் சுவரும் இல்லாத மேடை. அறை கட்டுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். இருந்தாலும் கதவு, திண்ணை இரண்டையும் அளவோடு எழுதிச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக வாங்குங்கள். பேச்சில் வாங்கிய சம்மதம் வேண்டாம். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எந்த அனுமதி தேவை என்பதையும் அதே பொறியாளர் மூலம் கேட்டுவிடலாம். கூரை போட வேண்டும் என்று தோன்றும். பாலிகார்பனேட் ஷீட் போட்டால் முதல் மாடிக்காரர் இரண்டு காரணத்துக்காகச் சண்டைக்கு வருவார்: மழைச் சத்தம் ஒன்று, அதன் மேல் ஏறினால் அவர் ஜன்னல் எட்டும் என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமே. சுருட்டி விரிக்கும் கித்தான் பந்தல் போதும். உங்கள் தோட்டம் எந்தத் திசை என்று எழுதவில்லை. மேற்கு என்றால் அது கட்டாயம். மாலை மூன்று மணிக்கு மேல் கண்ணாடிக் கதவு அடுப்பாகிவிடும்.

வெள்ளத்துக்கு முன்னேற்பாடு தனியாக வேண்டும். முதலில் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்துத் தெரு நடு மட்டத்துக்கும் வீட்டுத் தரைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்து, பழைய வீடுகளின் பின்புறம் கிண்ணமாகிவிட்ட கதை பெரம்பூரில் தெருவுக்குத் தெரு உண்டு. தரை தெருவை விடத் தாழ்ந்திருந்தால் தோட்டத்துத் தண்ணீர் தானாக வெளியே போகாது. ஒரு மூலையில் இரண்டடிச் சதுரக் குழி எடுத்து, மழைக்காலத்துக்கு அரை எச்.பி. சப்மெர்சிபிள் பம்ப் இறக்கத் தயாராக இருங்கள்.

கண்ணாடிக் கதவுக்கும் கிரில்லுக்கும் நடுவில், ஒன்பது அங்குலச் சுவரில் ஐந்து அங்குலம் இடம் மிஞ்சும். அங்கே இரண்டு பக்கமும் அலுமினியச் சேனலைச் செங்குத்தாகப் பதித்து, ஆறங்குல உயர அலுமினியச் செவ்வகக் குழாய்கள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும்படி செய்துவையுங்கள். அடியிலும் இடையிலும் ரப்பர் பட்டை. பிளைவுட் பலகை போதாதா என்று கேட்பீர்கள். இரண்டடித் தண்ணீர் ஐந்தடி அகலத்தில் தள்ளும் விசை சுமார் 270 கிலோ. முக்கால் அங்குல பிளைவுட் நடுவில் வளைந்து ஓரம் பிரியும். இரண்டடிக்கு மேல் தடுக்கவும் கூடாது. வெளியே மூன்றடி, உள்ளே காலி என்று நின்றால் சுவரே தள்ளும். அதற்கு மேல் வந்தால் உள்ளே விட்டுவிடுவதே சுவருக்கு நல்லது. இதே ஏற்பாடு தெருக்கதவுக்கும் துணி துவைக்கும் இடத்துக் கதவுக்கும் இல்லை என்றால் இங்கே போட்டது வீண்.

அதைவிட முக்கியம் கழிவறை. வெள்ளத்தில் தெருச் சாக்கடை நிரம்பும்போது, மேல்வீட்டுக் கழிவும் சேர்ந்து உங்கள் தரைத்தளக் கோப்பை வழியாகத்தான் மேலே வரும். கதவுக்குத் தடுப்பு போட்டுவிட்டுக் கழிவறை வழியாக வீடு நிறைந்த தரைத்தளங்கள் நிறைய. உங்கள் கழிவுக் குழாய் பொதுச் சேம்பரில் (கழிவுக் குழாய்கள் கூடும் தொட்டி) சேர்வதற்கு முன், அதற்கென்று ஒரு சிறு சேம்பர் கட்டி கழிவை வெளியே மட்டும் விட்டு, திரும்ப விடாத நான்கு அங்குல நான்-ரிட்டர்ன் வால்வு வையுங்கள். மேல்வீட்டு இறங்கு குழாய் அதற்குப் பிறகே சேர வேண்டும். முன்னால் சேர்ந்தால் வால்வு மூடியதும் மேல்வீட்டுக் கழிவு முழுக்க உங்கள் பக்கம் திரும்பும். வருடா வருடம் புரட்டாசியில் திறந்து கழுவுங்கள். ஒரு துணி சிக்கினாலும் அது மூடாது.

இதற்காகத் தோட்டத்தைத் தோண்டும்போது மண்ணுக்கடியில் என்னென்ன ஓடுகிறது என்று ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். சேம்பர்கள், சம்ப், ஆழ்துளைக் கிணறு, மின் எர்த் குழி, 2003-ல் கட்டாயமாக்கிய பிறகு போட்ட மழைநீர்க் குழி எல்லாம் அந்த 11 அடிக்குள்தான் இருக்கும். எதன் மேலும் திண்ணை வரக்கூடாது. சம்ப் மூடி சுற்றுமட்டத்தை விட ஆறங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். மழைநீர்க் குழி வெறும் மூன்றடிப் பள்ளமாக இருந்தால் களிமண்ணில் அது குட்டையாகத்தான் நிற்கும். அதன் நடுவில் பதினைந்தடி ஆழத்துக்கு ஆறங்குலத் துளை இட்டுக் கூழாங்கல் நிரப்புங்கள்.

பின்சுவரில் ஓதம் இருக்கிறதா? தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு உப்புப் பூத்துப் பெயிண்ட் பொரிந்திருந்தால், அதன் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள். ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறி வெளிவரும். ஓதக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். தரைக்கு மேல் முதல் காரைக் கோட்டில், உள்பக்கமிருந்து ஐந்து அங்குலத்துக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை, ஏழரை அங்குல ஆழம். ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் சிலேன்-சிலாக்சேன் கிரீமை அதில் முழுக்க நிரப்ப வேண்டும். சுவர் காய ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் பிடிக்கும், ஆக ஒன்பது மாதம். அதனால் இந்த வேலை எல்லாவற்றுக்கும் முதலில். பூச்சு கடைசியில், அவசரப்படாமல். கரையான் மருந்தும் அப்போதே: சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒரு துளை, 30.5 சத இமிடாகுளோபிரிட் லிட்டருக்கு 2.1 மி.லி. சம்ப் அருகில் மட்டும் இந்த மருந்து கூடாது.

மின்சாரத்தில், கூடத்துப் பிளக்குகளை நான்கடி உயரத்துக்கு ஏற்றி, தோட்ட விளக்குக்கும் பம்புக்கும் மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள்.

செடி பற்றிக் கேட்கவில்லை, என்றாலும் ஒன்று. சுவரோரம் இரண்டடிக்குக் கூழாங்கல் மட்டும்; பாத்தியைச் சுவரில் அணைத்தால் ஓதத்தை நீங்களே ஊட்டி வளர்ப்பதாகும். வேம்பு, நாட்டு வாதுமை இரண்டும் அழகுதான், இந்த அகலத்துக்கு ஆகாது. களிமண்ணில் வேர் நீரை உறிஞ்சினால் அஸ்திவாரம் இறங்கும், சேம்பருக்குள்ளும் வேர் நுழையும். பவழமல்லி, நந்தியாவட்டை, கறிவேப்பிலை, துணி துவைக்கும் தண்ணீர் விழும் இடத்தில் கல்வாழை. இரண்டு கட்டடத்துக்கு நடுவில் புல்தரை பிடிக்காது.

வரிசை இப்படி இருக்கட்டும்: மார்கழிக்குள் சங்கத் தீர்மானமும் பொறியாளர் கடிதமும். தை பிறந்ததும் ஓதத் துளை, கரையான் மருந்து, கழிவு வால்வு. மாசி, பங்குனியில் ஜன்னல் அறுப்பு, கதவு, திண்ணை. ஆடிப்பட்டத்துக்குச் செடி. உள்பூச்சும் பெயிண்டும் ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு. ஆறு லட்சத்தில் ஒன்றரை லட்சத்தைக் கடைசிவரை தொடாமல் வையுங்கள். பழைய சேம்பரைத் திறக்கும்போது அதற்குச் செலவு காத்திருக்கும்.

திண்ணைக் கல் பதிக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். மேல்வீட்டு ஏ.சி. தண்ணீர்க் குழாய் நேர்கீழே சொட்டிக்கொண்டிருந்தால், அதை இறங்கு குழாயோடு சேர்க்க அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாமியார் உட்காரும் இடம் அதுதான்.